பெயர் போடாத பத்திரிகை

நகரங்கள் கட்டிய பல்கலைக்கழகங்கள் – 11

சென்ற இதழில் நியூயார்க் நகரக் கல்லூரியை 1907இல் புதுக் கட்டடத்தில் குடியேற்றிவிட்டு நிறுத்தியிருந்தோம். தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக முன்கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டவுன்சென்ட் ஹாரிஸ் என்றொரு வியாபாரி. நகரக் கல்வி வாரியத்தின் தலைவராகவும் இருந்தவர். ஏழை வீட்டுப் பிள்ளையும் பணக்கார வீட்டுப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க, நகரத்தின் செலவில் ஒரு கல்லூரி வேண்டும் என்று 1847இல் வாதாடினார். மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டும் என்றவர்கள் 19,404 பேர், வேண்டாம் என்றவர்கள் 3,409 பேர். 1849 ஜனவரியில், லெக்சிங்டன் அவென்யூவும் 23ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் கல்லூரி திறந்தது. கட்டணம் சல்லிக்காசு கிடையாது. (ஹாரிஸ் பிற்பாடு அமெரிக்காவின் முதல் தூதராக ஜப்பானுக்குப் போய் அங்கே பேர் வாங்கினார். அது தனிக் கதை.) இடம் போதாமல் போனதும் ஹார்லெமுக்கு மேற்கே உள்ள மேட்டில் ஜார்ஜ் போஸ்ட் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கோதிக் பாணியில் ஒரு வளாகமே எழுப்பினார்கள். அப்போதுதான் நகரத்துக்கடியில் சுரங்க ரயில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டியதில் மலைமலையாக வெளியே வந்த பாறைதான் கட்டடத்துக்குக் கல்.

அடுத்த இருபது சொச்சம் வருடங்களை நான் தாண்டிப் போகிறேன். கட்டடம் சேர்ந்தது, கூட்டம் சேர்ந்தது, பேராசிரியர்கள் வந்தார்கள், ஓய்வு பெற்றார்கள். நமக்கு வேண்டியது 1930களும் அதன் வாலாக வரும் 1941ம். இன்றைக்கு ‘சிட்டி யுனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க்’ என்று நாம் அறிந்திருக்கும் பல்கலைக்கழகம் 1961இல்தான் அந்தப் பெயரில் உருவாகிறது. அதன் மூத்த கல்லூரியான இதில், ஒரு மாநகரப் பல்கலைக்கழகம் என்றால் எப்படி இருக்கும் என்பது அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே தீர்மானமாகிவிட்டது.

யார் படித்தார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலும் யூதப் பையன்கள். ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள். வீடு பிராங்க்ஸிலோ புரூக்ளினிலோ லோயர் ஈஸ்ட் சைடிலோ இருக்கும். அப்பா தையல் கடையில் அல்லது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பார். 1929க்குப் பிறகு அந்த வேலையும் நிச்சயம் கிடையாது. சுரங்க ரயிலில் தெற்கே இரண்டு நிறுத்தம் போனால் கொலம்பியா பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் முதல் உலகப்போருக்குப் பிறகு அங்கே யூத மாணவர்கள் இத்தனை பேருக்கு மேல் வேண்டாம் என்று சத்தமில்லாமல் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். அங்கே இடமும் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டணம் கட்ட முடியாது. நகரக் கல்லூரியில் மதிப்பெண் இருந்தால் போதும், ரயிலுக்கு ஐந்து சென்ட் இருந்தால் போதும். ‘பாட்டாளிகளின் ஹார்வர்டு’ என்ற பட்டம் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பாட்டாளிகளில் ஆண்களுக்கு மட்டும் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்குத் தனியாக ஹண்டர் கல்லூரி இருந்தது. வணிகப் படிப்பு, மேல்படிப்பு போன்ற சில மூலைகளில் முன்பே நுழைந்திருந்தாலும், இங்கே கலை அறிவியல் வகுப்புகளில் பெண்கள் எல்லோரையும் போல வந்து உட்கார 1951 ஆனது.

விடுதி கிடையாது. ஊரைவிட்டு வந்து நாலு வருஷம் மரத்தடியில் கிடார் வாசித்துப் படிக்கும் கல்லூரி வாழ்க்கை இங்கே யாருக்கும் தெரியாது. காலையில் 137ஆம் தெரு நிலையத்தில் இறங்கி மேடேற வேண்டும், சாயங்காலம் மேடிறங்கி ரயிலேற வேண்டும். வீட்டில் உட்கார்ந்து படிக்கத் தனி அறை கிடையாது, பல வீடுகளில் தனிக் கட்டிலே கிடையாது. எனவே வகுப்புக்கும் ரயிலுக்கும் நடுவே இருந்த நேரமெல்லாம் ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஷெப்பர்ட் ஹாலின் கீழ்த்தளத்தில் இருந்த கேன்டீன்தான் அந்த இடம்.

அழகான இடம் என்று அங்கே சாப்பிட்ட யாரும் எழுதி வைக்கவில்லை. வெளிச்சம் போதாத, நாற்றமடிக்கிற கூடம். சுவரோரமாகக் குடைந்தெடுத்த மாதிரி வரிசையாக ஒதுக்கிடங்கள், ஒவ்வொன்றிலும் சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு, ஒரு மேசை. வீட்டிலிருந்து காகிதத்தில் சுற்றிக்கொண்டுவந்த சாண்ட்விச்சை அங்கே பிரித்து வைத்துச் சாப்பிடலாம், பிடிக்காவிட்டால் பக்கத்துப் பையனுடையதோடு மாற்றிக்கொள்ளலாம். ஒதுக்கிடங்களை ‘ஆல்கோவ்’ என்பார்கள். எந்த ஆல்கோவில் யார் உட்காருவது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டுக்காரர்களுக்கு ஒன்று. ராணுவப் பயிற்சி எடுப்பவர்களுக்கு ஒன்று. கத்தோலிக்கர்களுக்கு, சியோனிஸ்டுகளுக்கு, ஆசாரமான யூதர்களுக்குத் தனித்தனியாக. நம்மூர் டீக்கடைகளில் எந்தப் பெஞ்சில் எந்தக் கட்சிப் பத்திரிகை கிடக்கும் என்று பால்காரருக்குக்கூடத் தெரிந்திருக்குமே, அப்படி.

சரித்திரத்தில் ஏறியவை ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும். இரண்டாம் நம்பர் கம்யூனிஸ்டுகளுடையது, அதாவது மாஸ்கோ சொல்வதை ஏற்றவர்களுடையது. ஒன்றாம் நம்பரில் ஸ்டாலினைப் பிடிக்காத இடதுசாரிகள் அத்தனை பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். டிராட்ஸ்கிவாதிகள், சோஷலிஸ்டுகள், அந்தச் சோஷலிஸ்டுகளோடு சண்டை போட்டுப் பிரிந்த சோஷலிஸ்டுகள். இர்விங் கிறிஸ்டல், இர்விங் ஹோவ், டேனியல் பெல், நேதன் கிளேசர், சீமோர் மார்ட்டின் லிப்செட் – பின்னாளில் அமெரிக்கச் சமூகவியலையும் இலக்கிய விமர்சனத்தையும் அரசியல் எழுத்தையும் தம் கையில் வைத்திருந்த பெயர்கள் எல்லாம் சில வருட இடைவெளியில் அந்த ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்தவை.

அங்கே விவாதம் காலையில் தொடங்கும். ஒருவன் நடுவில் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால் அதே விவாதம் நடந்துகொண்டிருக்கும், ஆட்கள் மட்டும் மாறியிருப்பார்கள். ஸ்பெயினில் என்ன நடக்கிறது, மாஸ்கோ வழக்குகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள், சோவியத் ஒன்றியம் இன்னும் தொழிலாளர் அரசுதானா? இரண்டாம் நம்பரில் கூட்டம் பல மடங்கு அதிகம். ஆனால் அதன் கட்சிக்காரர்களுக்கு ஒரு கட்டளை உண்டு. டிராட்ஸ்கிவாதிகளோடு பேசக் கூடாது. விவாதிக்கக் கூடாது என்பதுகூட இல்லை, பேசவே கூடாது. ஒன்றாம் நம்பர்க்காரர்கள் வேண்டுமென்றே போய்ச் சீண்டி, எவனாவது ஒருவனை வாய் திறக்க வைக்கப் பார்ப்பார்கள். மின்பொறியியல் படித்த ஜூலியஸ் ரோசன்பர்க் இரண்டாம் நம்பரில் உட்கார்ந்தவர். 1939இல் பட்டம் வாங்கினார். 1953இல் சோவியத்துக்காக உளவு பார்க்கச் சதி செய்ததாக மனைவி எத்தலோடு சேர்த்து மின்நாற்காலியில் கொல்லப்பட்டார்.

கல்லூரியின் 1930களைப் பற்றி எங்கே படித்தாலும் இந்த இரண்டு ஆல்கோவ்களின் கதைதான் வரும். காரணம் எளிது. ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்தவர்கள் எழுத்தாளர்கள் ஆனார்கள். கிறிஸ்டல் 1977இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஞாயிறு இதழில் தன் டிராட்ஸ்கிய இளமையைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார், அதற்குள் அவர் வலதுசாரிகளின் குருவாகிவிட்டிருந்தார். ஹோவ் கடைசிவரை சோஷலிஸ்டாகவே இருந்தார், அவரும் சுயசரிதை எழுதினார். 1998இல் கிறிஸ்டல், ஹோவ், பெல், கிளேசர் நால்வரையும் வைத்து ஓர் ஆவணப்படம்கூட வந்தது. நல்ல படம். ஆனால் அவர்களே சொன்ன கதையை மட்டும் கேட்டால் அந்தக் கல்லூரியில் சாப்பாட்டு மேசையைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை என்ற எண்ணம் வந்துவிடும். கீழே பையன்கள் மாஸ்கோவைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தபோது, மேலே வகுப்பறைகளிலும் நூலகத்திலும் பதிவாளர் அலுவலகத்திலும் வேறு சிலர் இதே கல்லூரியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். பெயர் போடாமல்.

அதற்குப் போகும் முன், பெயர் போட்டு வந்த பத்திரிகைகளையும் பார்த்துவிடலாம். ‘தி கேம்பஸ்’ 1907இல், புது வளாகத்தோடு சேர்ந்தே பிறந்த மாணவர் பத்திரிகை. மாலை வகுப்பு மாணவர்கள் தங்களுக்கென்று தனிப் பத்திரிகை நடத்தினார்கள். பகலில் கடையிலும் ஆபீசிலும் வேலை பார்த்துவிட்டு இரவில் படிக்க வந்தவர்களுக்குப் பகல்நேரப் பையன்களின் செய்தி எதற்கு? விடுதி இல்லாத கல்லூரியில் செய்தி பரவக் கேன்டீனும் இந்தத் தாள்களும்தான் வழி. எந்த ஆசிரியரை அடுத்த வருடம் எடுக்கவில்லை, எந்தச் சங்கத்தின் கூட்டத்துக்கு அறை மறுத்துவிட்டார்கள் என்பதெல்லாம் ரயிலேறும் முன் கையில் கிடைத்தாக வேண்டும். நகரத்துப் பெரிய நாளிதழ்களும் கல்லூரிச் செய்திக்கு ஒரு மாணவனையே நிருபராக வைத்துக்கொண்டன. அப்படி 1943இல் ‘நியூயார்க் டைம்ஸு’க்கு நகரக் கல்லூரிச் செய்தி எழுதத் தொடங்கிய ஏ. எம். ரோசந்தால் அந்தப் பத்திரிகையின் தலைமைப் பொறுப்பு வரை போனார். நேரு காலத்தில், 1954 முதல் நான்கைந்து வருடம் டெல்லியிலிருந்து அதற்கு எழுதியவரும் அவரே.

இனி அந்தக் கல்லூரித் தலைவர். பிரெடரிக் ராபின்சன், 1927இல் பதவிக்கு வந்தவர். இதே கல்லூரியில் படித்து இதே கல்லூரிக்குத் தலைவரானவர். பல கலை தெரிந்தவர், இசை வாசிப்பார், சித்திரம் செதுக்குவார். தெரியாத ஒரே விஷயம் மாணவர்களோடு பேசுவது. 1933 மே 29 அன்று லூயிசோன் ஸ்டேடியத்தில் ராணுவப் பயிற்சி மாணவர்களின் ஆண்டு அணிவகுப்பு. போர் எதிர்ப்பு மாணவர்கள் வெளியே கூடிக் கோஷம் போட்டார்கள். விருந்தினர்களோடு வந்துகொண்டிருந்த ராபின்சன் கையிலிருந்த குடையை ஓங்கிக் கூட்டத்துக்குள் புகுந்து வெளுத்துவிட்டார். கல்லூரித் தலைவர் குடையால் மாணவர்களை அடித்தார் என்பது மறுநாள் நகரம் முழுக்கச் செய்தி. அடித்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடி வாங்கியவர்கள் பக்கத்தில் சிலர் வெளியேற்றப்பட்டார்கள், சங்கங்களின் அங்கீகாரம் பறிபோனது. கேலிச்சித்திரக்காரர்களுக்கு அன்று கிடைத்த குடை ராபின்சன் போகும்வரை கையை விட்டு இறங்கவில்லை.

1934 அக்டோபரில் அடுத்தது. முசோலினியின் இத்தாலியிலிருந்து ஒரு மாணவர் குழு அமெரிக்கச் சுற்றுப்பயணம் வந்தது. ராபின்சன் அவர்களுக்குக் கிரேட் ஹாலில் வரவேற்பு ஏற்பாடு செய்தார். மாணவர் மன்றத்தின் சார்பில் வாழ்த்துச் சொல்ல மேடையேறிய மாணவர், பாசிசத்தின் கீழ் அடிமைப்பட்டு ஏமாற்றப்பட்டிருக்கும் இத்தாலிய மாணவர்களுக்கு வாழ்த்து என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், மேடையில் இழுபறி, சபையில் அடிதடி. தெருப்பொறுக்கிகள்கூட இப்படி நடந்துகொள்ள மாட்டார்கள் என்றார் ராபின்சன். சில நாளில் வளாகம் முழுக்கச் சட்டைகளில் ஒரு பொத்தான் வில்லை முளைத்தது. நான் ஒரு தெருப்பொறுக்கி, பாசிசத்தை எதிர்ப்பவன் என்ற வாசகத்தோடு. நவம்பரில் இரண்டு தலை வைத்த ஓர் உருவ பொம்மையைக் கொளுத்தினார்கள். ஒரு தலை முசோலினி, இன்னொன்று ராபின்சன். 21 மாணவர்கள் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார்கள்.

மாணவனை நீக்கினால் கூட்டம் கூடும், பொத்தான் வரும், நாளிதழில் படம் வரும். ஆசிரியனை நீக்க அந்தத் தொந்தரவுகூட இல்லை. அன்றைக்கு அங்கே பாடம் நடத்தியவர்களில் கீழ்நிலையில் இருந்த பெரும்பகுதியினர் ஆண்டு ஒப்பந்தக்காரர்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் அடுத்த வருடம் உண்டா இல்லையா என்று ஒரு கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும். இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. துறைத்தலைவர் வைத்ததே சட்டம். மாணவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் யூதர்களாக இருந்த கல்லூரியில் யூத ஆசிரியர்கள் நிரந்தரமாவது குதிரைக்கொம்பு. நூலக உதவியாளர்கள், தட்டச்சு செய்தவர்கள், குமாஸ்தாக்கள் நிலை இன்னும் ஒரு படி கீழே.

இவர்களில் சிலர் – கம்யூனிஸ்ட் கட்சியின் கல்லூரிக் கிளையில் இருந்தவர்கள் – 1935 வாக்கில் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். ‘ஆசிரியர்–தொழிலாளி’ என்று பொருள்படும் பெயர். சைக்ளோஸ்டைல் செய்த சில தாள்கள், அவ்வளவே. சைக்ளோஸ்டைலில் கை கறைபட்டவர்கள் நம்மில் இன்னும் இருப்பார்கள். தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பனைத் தள்ளிவிட்டு மெழுகுத் தாளில் வெறும் எழுத்தால் குத்த வேண்டும், ஒரு எழுத்து தவறினால் சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, மறுபடி குத்த வேண்டும். பிறகு ஸ்டென்சிலை உருளையில் மாட்டி, மையூற்றிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நூறு பிரதி தாண்டினால் ‘ஓ’க்களின் வட்டம் கிழிந்து கறுப்புப் பொட்டாக விழும். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பது அதன் பலம். அச்சகத்தில் கொடுத்தால் யார் கொடுத்தது என்று யாராவது கேட்பார்கள்.

உள்ளே இருந்ததெல்லாம் கீழே கேன்டீன் மேசையில் பேசப்படாத விஷயங்கள். யாருக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது, எந்தத் துறையில் யூத விரோதம், கீழ்நிலை ஆசிரியருக்கு என்ன சம்பளம், நிர்வாகம் பாசிஸ்டுகளோடு எப்படிக் குலவுகிறது. கேலிச் சித்திரங்கள் உண்டு, ராபின்சனும் குடையும் உண்டு. கட்சிப் பிரச்சாரமும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. மாஸ்கோ சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவர்கள்தான் எழுதினார்கள், அந்த வகையில் ஒன்றாம் நம்பர் பையன்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. ஆனால் உள்ளூர் விஷயத்தில் இவர்கள் எழுதியது நிர்வாகத்துக்கு வலித்தது. எழுதியவர் யார் என்று தெரியாததால் இன்னும் அதிகம் வலித்தது.

மாரிஸ் சேப்ஸ் என்ற ஆங்கில ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். உக்ரைனில் பிறந்தவர், இதே கல்லூரியில் படித்து 1928 முதல் இங்கேயே பாடம் நடத்தியவர். 1936 வசந்தத்தில் அவருக்கு அடுத்த வருடம் கிடையாது என்று கடிதம் வந்தது. முன்பென்றால் அதோடு முடிந்திருக்கும். இந்த முறை மாணவர்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு உட்கார்ந்துவிட்டார்கள், ஆசிரியர் சங்கம் கையில் எடுத்தது, உயர்கல்வி வாரியம் முடிவை மாற்றிக்கொண்டது. அதே வருடம் கல்லூரியின் பழைய மாணவர்கள் போட்ட குழு ஒன்று, ராபின்சனிடம் தலைவருக்கு வேண்டிய மனிதப் பண்புகள் இல்லை என்று பெரும்பான்மை அறிக்கை கொடுத்தது. 1938இல் அவர் ராஜினாமா செய்தார். அந்த வருடமே, மேயர் லாகார்டியா நியமித்த உறுப்பினர்கள் நிறைந்த வாரியம் விதிகளைத் திருத்தியது. துறைத்தலைவரை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கலாம். வேலைக்குப் பாதுகாப்பு வந்தது. இன்றைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் பணிப் பாதுகாப்போடு பாடம் நடத்தும் ஒவ்வொருவரும் அந்தச் சைக்ளோஸ்டைல் தாளுக்குக் கொஞ்சம் கடன்பட்டவர். ஒன்றாம் நம்பர் ஆல்கோவின் புகழ்பெற்ற விவாதங்களில் எதுவும் கல்லூரியின் ஒரு விதியைக்கூட மாற்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மாணவர் கோரிக்கையின் விளைவாக இன்னொன்றும் நடந்தது. மேட்டுக்குக் கீழேயே ஹார்லெம். கறுப்பின மக்களின் தலைநகரம் என்றே சொல்லலாம். மேலே கல்லூரியிலோ கறுப்பின மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆசிரியர் யாருமில்லை. 1937இல் மாக்ஸ் யெர்கனை நியமித்து, கறுப்பின மக்களின் வரலாறும் பண்பாடும் என்று ஒரு பாடம் தொடங்கினார்கள். நல்ல கூட்டம். நான்கு வருடம் நடந்தது.

பிறகு காற்று திரும்பியது. 1939 ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் செய்துகொண்டதும் கம்யூனிஸ்டுகளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச அனுதாபமும் போய்விட்டது. 1940 தொடக்கத்தில் கல்லூரி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைத் தத்துவப் பேராசிரியராக நியமித்தது. தர்க்கமும் கணிதத்தின் அடிப்படைகளும் நடத்த வேண்டும். திருமணத்தையும் பாலுறவையும் பற்றி அவர் எழுதியிருந்ததைக் காட்டி பிஷப் மேனிங் எதிர்ப்புக் கிளப்பினார். புரூக்ளினைச் சேர்ந்த ஒரு தாய், தன் மகளின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று வழக்குப் போட்டார். பெண்களைச் சேர்க்காத வகுப்பில் மகள் எப்படிக் கெடுவாள் என்று நீதிபதி மெக்கீஹன் கேட்கவில்லை. மார்ச் கடைசியில் நியமனத்தை ரத்து செய்தார். மேல்முறையீட்டுக்கு வாரியம் யோசிக்கும்போதே, அதுவரை முற்போக்காளர் என்று பேரெடுத்த லாகார்டியா, அந்தப் பதவிக்கான தொகையை நகர பட்ஜெட்டிலிருந்து அடித்துவிட்டார். அடுத்து வந்த தன் புத்தகத்தின் முகப்புப் பக்கத்தில், தனக்குக் கிடைத்த கௌரவங்களின் வரிசையில் நியூயார்க் நகரக் கல்லூரிப் பேராசிரியர் பதவிக்குத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்ததையும் ரஸ்ஸல் சேர்த்துக்கொண்டார். பத்து வருடம் கழித்து நோபல் பரிசு வந்தது.

ரஸ்ஸலுக்கு வேறு இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு வந்தது ராப்–கூடர்ட் குழு. நகரத்துப் பள்ளி கல்லூரிகளில் ஊடுருவியிருக்கும் கம்யூனிஸ்டுகளைக் கண்டுபிடிக்க மாநிலச் சட்டமன்றம் 1940இல் அமைத்த விசாரணைக் குழு அது. ஆசிரியர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்கினார்கள். மூடிய அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சாட்சி சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. பெயர் போடாத அந்தப் பத்திரிகை இப்போது மேசைமேல் வந்தது. யார் எழுதினீர்கள்? யார் தட்டச்சு செய்தீர்கள்? கைப்பிடியைச் சுற்றியது யார்? 1941 மார்ச்சில் வரலாற்றுத் துறையில் பாடம் நடத்திய ஒருவர், தானும் கட்சியில் இருந்ததாகச் சொல்லி, உடன் இருந்தவர்கள் என்று 50க்கும் மேற்பட்ட பெயர்களை அடுக்கினார்.

சேப்ஸ் வேறு வழி பார்த்தார். ஆமாம், நான் கட்சியில் இருந்தேன் என்று ஒப்புக்கொண்டார். உடன் யார் இருந்தார்கள்? மூன்று பேர் என்றார். இருவர் ஸ்பெயின் போரில் செத்தவர்கள், மூன்றாமவர் கல்லூரியை விட்டே போனவர். செத்தவர்களையும் போனவர்களையும் தவிர யாரையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. பொய்ச்சாட்சி என்று வழக்குப் போட்டார்கள், தண்டனை கிடைத்தது, ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அங்கே உட்கார்ந்து ஹீப்ரு கற்றுக்கொண்டு யூத வரலாறு படிக்கத் தொடங்கினார். அமெரிக்க யூதர்களின் வரலாற்று ஆவணங்களைத் தொகுத்து 1950இல் அவர் வெளியிட்ட நூல் அப்படி உருவானது.

ஃபோனர் சகோதரர்கள் கதையில் கொஞ்சம் சிரிக்கலாம். பிலிப்பும் ஜாக்கும் இரட்டையர், இருவரும் வரலாற்று ஆசிரியர்கள். மோ பதிவாளர் அலுவலகத்தில் வேலை. கடைசித் தம்பி ஹென்றி உயர்நிலைப் பள்ளியில் மாற்று ஆசிரியர். நால்வரும் சேர்ந்து கோடைக்கால விடுதிகளில் வாசிக்கும் ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டதும் குழுவுக்கு ‘சஸ்பெண்டட் ஸ்விங்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு வாசிக்கப் போனார்கள். பிலிப் பின்னாளில் அமெரிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார், பிரெடரிக் டக்ளஸின் எழுத்துகளைத் தொகுத்து மறுபடி மக்கள் கண்ணில் பட வைத்தவரும் அவர். ஜாக்குக்குக் கல்லூரி வேலை மீண்டும் கிடைக்க ஏறக்குறைய முப்பது வருடம் ஆனது. அவர் மகன் எரிக் ஃபோனர் அடிமைமுறை ஒழிப்புக்குப் பிந்தைய காலத்தின் முதன்மை வரலாற்றாசிரியர், கொலம்பியாவில் பேராசிரியராக இருந்தவர். ஆமாம், இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்த அதே கொலம்பியா.

யெர்கனின் ஒப்பந்தம் 1941இல் புதுப்பிக்கப்படவில்லை. நகரக் கல்லூரியில் மட்டும் 50க்கு மேற்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலை இழந்தார்கள் அல்லது மறுபடி எடுக்கப்படவில்லை. மெக்கார்த்தியின் பெயரை நாடு கேள்விப்படுவதற்கு முன் ஒன்பது வருடம். பிற்பாடு மெக்கார்த்தி காலத்தில் நாம் பார்க்கும் நடைமுறைகள் – பட்டியல் கேட்பது, பெயர் சொன்னவனை விட்டுவிடுவது, சொல்லாதவனைப் பொய்ச்சாட்சி என்று பிடிப்பது – எல்லாம் ஷெப்பர்ட் ஹாலில் பாடம் நடத்திய இந்த மனிதர்கள்மேல் ஒத்திகை பார்க்கப்பட்டவையே. அவர்களில் பலருக்கு மறுபடி வகுப்பறை கிடைக்கவில்லை. ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்தவர்கள் எழுதிய நினைவுக் கட்டுரைகளில் அவர்கள் பெயரளவில் வந்து போகிறார்கள்.

1981 அக்டோபரில் சிட்டி பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு, இவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நாற்பது வருடம் கழித்து. வேலை இழந்தவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். சேப்ஸ் இருந்தார். 2004இல் தன் 97ஆவது வயதில் காலமானார்.

அடுத்த இதழில் 1950. ஒரே சீசனில் அமெரிக்காவின் இரண்டு பெரிய கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகளையும் வென்ற நகரக் கல்லூரி அணி, அடுத்த பிப்ரவரியில் அதே அணியின் வீரர்களுக்காக ரயில் நிலையத்தில் காத்திருந்த துப்பறியும் போலீஸ்.

(தொடரும்)